முழு மார்க் வாங்கிய கவுன்சிலர்

எங்கள் வார்டுக்கு யார் கவுன்சிலராக வரவேண்டும் என்று முடிவு செய்ய நாங்கள் பரீட்சை வைத்தோம். சிரிக்காதீர்கள். நிஜமாகவே வைத்தோம். கேள்வித்தாள் தயாரித்ததே நான்தான்.

பம்மலில் நாங்கள் இருந்த நகரில் பாதி வீடு வாத்தியார் வீடு. மீதியில் பெரும்பாலும் ஆபீஸ் போகிறவர்கள், இல்லையென்றால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு வேலைக்கு ஆள் எடுப்பதென்றால் பரீட்சை வைத்து, மார்க் போட்டு, அதிகம் வாங்கியவரை எடுக்க வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஜனங்கள். அதற்கு முன்பு இருந்த கவுன்சிலர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவார், சாவுக்குக் கூப்பிடாமலேயே மாலையோடு வருவார். சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் வரமாட்டார். "படிக்காதவனுக்கு ஓட்டுப் போட்டா இப்படித்தான்" என்று அவர் பதவிக்காலம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த ஓட்டைப் போட்டவர்கள் யார் என்ற பேச்சு மட்டும் எழுந்ததில்லை.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் நகராட்சித் தேர்தலில் எங்கள் நலச்சங்கம் விழித்துக்கொண்டது. இந்தத் தடவை சாதி கிடையாது, கட்சி கிடையாது, தகுதி மட்டும்தான் என்று கூட்டத்தில் பேசினார்கள். தகுதியை எப்படிப் பார்ப்பது? "டீச்சர் இருக்காங்களே, ஒரு பேப்பர் செட் பண்ணச் சொன்னா போச்சு" என்றது ஒரு குரல். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகள் என்ற பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். உடனே சரி என்றுவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல், எங்கள் தெருமுனை நர்சரிப் பள்ளிக்குப் போனேன். நிற்க ஆசைப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் பரீட்சை என்று கேள்விப்பட்டதுமே வரவில்லை. மற்ற இருவரும் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒருவர் நிலத் தரகர். இன்னொருவர், தண்ணீர்த் திட்டங்களில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஜினியர்.

மழைநீர்க் கால்வாய்க்குச் சரிவு எப்படி இருக்க வேண்டும், நகராட்சிக்கு எந்தெந்த வழியில் வருமானம் வருகிறது, கோடையில் நம் வார்டுக்குத் தண்ணீர் எப்படிக் கொண்டுவருவீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தேன். தரகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? இதுக்குப் பயந்துதானே அந்தக் காலத்துல இஸ்கூலையே வுட்டுட்டு ஓடியாந்தேன்!" என்று எழுந்துவிட்டார். போகிறபோது வாசலில் நின்று, "உங்க வூட்டு வேலை எதுவா இருந்தாலும் சொல்லுங்க, முடிச்சுத் தரேன்" என்று கும்பிட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

என்ஜினியர் சொந்தப் பேனாவும் ஸ்கேலும் கொண்டுவந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதி, கால்வாய்க்குக் குறுக்குவெட்டுப் படமும் போட்டு, அம்புக்குறி வைத்து, அடிக்கோடிட்டுக் கொடுத்தார். என் சர்வீஸில் சமூக அறிவியலில் யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை. அவருக்குப் போட்டேன்.

அதற்கப்புறம் நாங்கள் உழைத்த உழைப்பு இருக்கிறதே! வெயிலில் ரப்பர் செருப்பு தேயத் தேய வீடு வீடாகப் போனோம். என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, பிரசாரத்துக்கெல்லாம் வரக்கூடாது. வந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார், அது வேறு விஷயம். எதிர்வீட்டு அக்காதான் என்னோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் தோல் பை, பெல்ட் செய்து பாரிமுனைக் கடைகளுக்குப் போடுகிறவர். ஊரில் எல்லாரும் அவரை பாய் என்பார்கள், அந்த அம்மாவை நான் அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். பர்தாவுக்குள் வேர்த்துக் கொட்ட அந்தப் பொம்பளை என்னோடு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். பணம் ஒரு பைசா யாருக்கும் தரவில்லை. அப்படியும் எங்கள் என்ஜினியர் ஜெயித்தார். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன்.

நன்றாகவே செய்தார். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். விடிந்ததும் குடையோடு தெருத் தெருவாக நடப்பார். கால்வாய் வந்தது, படத்தில் போட்ட அதே சரிவோடு. லைட் எரிந்தது. காண்ட்ராக்டர்கள் அவரைப் பார்த்தால் ஓடி ஒளிந்தார்கள். லஞ்சம் என்ற வார்த்தையையே அவர் எதிரில் எடுக்க முடியாது. பிறகு வாசல் படிகளைப் பார்க்க ஆரம்பித்தார். தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்த படிகள் போயின. குப்பையை எந்தக் கிழமை வைப்பது, வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது, சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முருங்கைக் கிளையை எதுவரை வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு விதி வந்தது. எல்லாம் சரியாகவே இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுப் படியை இடித்தபோது நானே, "நியாயம்தானே, ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டுதா?" என்று பேசினேன்.

எங்கள் கிணற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

பம்மலில் தோல் பதனிடும் இடங்களைச் சுற்றி அந்தக் காலத்திலேயே தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. சில வீடுகளில் பைப்பைத் திறந்தால் மஞ்சளாக வரும். சில வீடுகளில் நிறம் தெரியாது, வாயில் வைத்தால் தெரியும். எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கிணறு மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. சாதாரண உறைக்கிணறுதான். அந்தத் தண்ணீரில் பருப்பு வெந்தால் வெண்ணெயாக இருக்கும், சோப்பு நுரைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் அந்த வீட்டை வாங்கியதே தண்ணீருக்காக. வீடு என்னவோ ஓட்டை உடைசல்தான். என் நகையில் பாதி அதற்குப் போயிற்று, ஆனால் நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஊரில் மற்றப் பெண்கள் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்த காலத்தில் நான் எழுந்து, கயிற்றை விட்டு, தண்ணீரைச் சேந்தி, முகம் கழுவி, நிம்மதியாகச் சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வீடு, வேலை, பிள்ளைகள் என்று என் நாள் முழுவதும் அந்தக் கிணற்றின் மேல்தான் நின்றது.

தெருவுக்கும் கொடுத்தோம். காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கவும் சமைக்கவும் ரெண்டு குடம் எடுத்துக்கொள்ளலாம். துணி துவைக்க, வண்டி கழுவ கூடாது. செருப்போடு உள்ளே வரக்கூடாது. கயிறு தரையில் படக்கூடாது. மீறினால் கத்துவேன். என் குரல் தெருக்கோடிவரை கேட்கும் என்று என் கணவர் சொல்லுவார். கேட்கட்டுமே! அந்தக் கத்தலால்தான் கிணறு சுத்தமாக இருந்தது. இதற்கெல்லாம் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை, யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவும் இல்லை.

அப்புறம் மழை பொய்த்தது. சென்னை முழுக்கத் தண்ணீருக்கு அலைந்த வருஷம் அது. ஏரிகளெல்லாம் மைதானமாகி, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எங்கள் கிணற்றிலும் தண்ணீர் கீழே போயிற்று, வாளி போய்த் தொடும் சத்தமே வேறு மாதிரி கேட்டது. ஆனால் வற்றவில்லை. ரெண்டு குடம் ஒரு குடமானது. யாரும் முனகவில்லை.

என்ஜினியர் ஒரு நாள் காலையில் வந்து கிணற்றடியில் நின்று வெகுநேரம் உள்ளே எட்டிப் பார்த்தார். கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டிப் படம் போட்டு விளக்கினார். கிணற்றை ஆழப்படுத்துவது. அடியில் பக்கவாட்டில் துளை போட்டு ஊற்றை இழுப்பது. மோட்டார் வைத்து, நகராட்சி செலவில் மேல்நிலைத் தொட்டி கட்டி, நாலு தெருவுக்கும் குழாய்.

"கிணறு அவங்களோடதுதான். பராமரிப்பு மட்டும் நம்ம பொறுப்பு" என்றார். "ஒரு வீட்டுக்குள்ள இவ்வளவு தண்ணி சும்மா கிடக்கிறது நியாயமில்லை. ரிசோர்ஸ் எல்லாருக்கும் பொது."

சும்மா கிடக்கிறதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். ஆனால் என்ன பேசுவது? அவர் படம் போட்டிருக்கிறார், அம்புக்குறி போட்டிருக்கிறார். என் கையில் என்ன இருந்தது?

"நல்லாத்தானே சார் இருக்கு? நல்லா இருக்கிறதை எதுக்கு நோண்டணும்?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. உணர்ச்சிவசப்படக்கூடாது" என்றார் மரியாதையாகவே. "எதனால வேணாங்கிறீங்க? டெக்னிக்கலா ஒரு காரணம் சொல்லுங்க."

எனக்குக் காரணம் தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பரீட்சையில் தண்ணீர் எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று நான் கேட்டிருந்தேன் அல்லவா, அவர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார். என்னவெல்லாம் செய்வீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்ட நான், எதில் கை வைக்க மாட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் நகரில் அத்தனை வாத்தியார்கள் இருந்தும் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. நல்லவராக, படித்தவராக ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் போதும், பிறகு அவர் எதை வேண்டுமானாலும் செய்யட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். எங்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்த அத்தனை கையும் மேலே இருந்தது. எதிர்வீட்டு அக்காவின் கையும்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்களுமா?"

அவர் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். தினம் காலைல குடத்தோட உங்க வாசல்ல வந்து நிக்கிறோம். நீங்க நல்ல மூடுல இருந்தா சிரிப்பீங்க, இல்லைன்னா சத்தம் போடுவீங்க. எங்களுக்கும் வீட்டுக்குள்ளயே ஒரு குழாய்ல தண்ணி வந்தா வேணாம்னு சொல்லத் தோணுமா?" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் யாரை விரட்டினேன்? என்றைக்காவது தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கிறேனா? சத்தம்தானே போட்டேன்! இப்படியெல்லாம் கேட்க வாய் துடித்தது. ஆனால் அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நியாயம் அவர் பக்கமும் இருந்தது. அதனால் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்குவது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நாங்கள் சம்மதிக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சட்டப்படி இருந்திருக்கலாம். ஆனால் ஊரே தாகத்தில் தவிக்கும்போது, கிணற்றைப் பூட்டி வைத்துக்கொண்ட வீடு என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்தத் தெருவில் எப்படி நடப்பது? பாஸ்டர் வந்து, கொடுக்கிறவர்களுக்குக் கர்த்தர் கொடுப்பார் என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். நலச்சங்கத்தில் எனக்கு மாலை போடுவதாகச் சொன்னார்கள். என் கணவர் சம்மதப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"என்னைக் கேட்டா? நீங்கதானே வீட்டுக்காரர்? போடுங்க கையெழுத்து!" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அவர் போட்டுவிட்டார்.

வண்டியும் ஆட்களும் வந்தார்கள். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. என்ஜினியர் வெயிலில் நின்று ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டார். ஆழப்படுத்தினார்கள், பக்கவாட்டில் துளை போட்டார்கள். திறந்துவிட்டபோது தண்ணீர் வந்ததே, அம்மாடி! அத்தனை தண்ணீரை நான் பார்த்ததில்லை. தெருவில் வெடி போட்டார்கள். ஓர் அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டது. எனக்கே, சே, நாம்தான் வீண் பிடிவாதம் பிடித்துவிட்டோமோ என்று தோன்றிற்று. எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தில் சேமியா கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் எல்லாருக்கும் குழாயில் வந்தது. வண்டி கழுவினார்கள். வாசலை நனைத்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலை மூடிக்கொண்டேன். கத்துவதற்கு இப்போது என்ன உரிமை இருந்தது?

முதலில் காபிதான் காட்டிக்கொடுத்தது. பால் திரிந்தது. பால்காரனைத் திட்டினேன். மறுநாளும் திரிந்தது. பிறகு பருப்பு வேகவில்லை, எவ்வளவு நேரம் போட்டாலும் கல்லாகக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை என் பள்ளிக்கூடத்து வெள்ளைப் புடவையை அலசி உதறினேன், பழுப்பாக இருந்தது. நான் பேசாமல் கிணற்றடிக்குப் போனேன். மூடியிருந்த வலையை விலக்கி ஒரு வாளி எடுத்து, கையில் அள்ளி வாயில் வைத்தேன். தோல் வாடையோடு உப்புக் கரித்தது. அங்கேயே துப்பினேன். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். துக்க வீட்டில் அழுவதுபோலச் சத்தமாக அழுதேன். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

துளை போட்ட பக்கத்தில் எங்கேயோ அந்தக் கெட்ட தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது. இந்தக் கிணறு ஆழமில்லாமல், அதன் பாட்டுக்கு இருந்தவரை அது இந்தப் பக்கம் வரவில்லை. இழுத்ததும் வந்துவிட்டது. இதுவும் என்ஜினியர் சொன்னதுதான். அவரே பாட்டிலில் எடுத்துப் போய்ப் பரிசோதித்து, அவரே வந்து சொன்னார். மறைக்கவில்லை, மழுப்பவில்லை.

"என் கணக்கு தப்பாயிடுச்சும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

இதற்கு நான் என்ன சொல்வது? திருடனாக இருந்தால் சாபம் கொடுக்கலாம். துட்டு வாங்கியிருந்தால் நாலு பேரைக் கூட்டி மானத்தை வாங்கலாம். இந்த மனுஷன் ஒரு குற்றமும் செய்யாமல் என் கிணற்றைக் கொன்றுவிட்டு, கண் கலங்கி நிற்கிறார். அவரைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கை தூக்கிய தெருக்காரர்களையும் திட்ட முடியாது, அவர்கள் தாகத்துக்குத் தூக்கினார்கள். ஒருவர் தப்புச் செய்தால் அது அவர் வீட்டோடு போகும். இது அப்படிப் போகவில்லை. நாலு தெருவுக்கும் ஒரே சமயத்தில் நல்ல தண்ணீர் இல்லாமல் போயிற்று.

துளையை அடைத்துப் பார்த்தார்கள். இறைத்து இறைத்துக் கொட்டினார்கள். மறுவருஷம் நல்ல மழை பெய்தது, கிணறு நிறைந்தது, உப்பு குறைந்த மாதிரி இருந்தது. ஆசையாய் வாயில் வைத்துப் பார்த்தேன். வாடை போகவில்லை.

அதற்கப்புறம் நானும் எதிர்வீட்டு அக்காவும் லாரிக்கு நின்றோம். பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஒரே கல்லில் உட்கார்ந்திருப்போம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய்த் தலைமையாசிரியையிடம் பேச்சு வாங்குவேன். வரிசை ஒழுங்காக நிற்க என்ஜினியர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார், வீட்டுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இவ்வளவு குடம். அதுவும் சரியாகவே நடந்தது. தொட்டி மட்டும் தெருமுனையில் காலியாக நின்றது. பையன்கள் அதன் மேல் ஏறிக் காற்றாடி விட்டார்கள்.

"உங்க சத்தமே தேவலாம் டீச்சர்" என்று ஒரு நாள் அக்கா சொன்னார். நான் சிரிக்கத்தான் பார்த்தேன்.

அடுத்த தேர்தல் வந்தது. அவர் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவர் அதே நிலத் தரகர். இந்த இடைவெளியில் அவருக்கு வெள்ளை வண்டியும் பின்னால் ஓடிவர ஆட்களும் வந்திருந்தார்கள். பல்லாவரம் பக்கம் யாருடைய காலி மனையிலோ ராத்திரியோடு ராத்திரியாகக் கல் நட்டார் என்று பேச்சு. ஜெயித்தால் முதலில் எந்த மனைக்குப் போவாரோ தெரியாது.

நான் வரிசையில் நின்று, கையில் மை வைத்துக்கொண்டு, அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். ஓட்டுச் சீட்டில் இருந்த ரெண்டு பெயரையும் பார்த்தேன். ஒருவர் என்னிடம் இருப்பதைத் திருடுவார். இன்னொருவர் என் நன்மைக்காக எடுத்துக்கொள்வார். இவர்கள் யாருக்கும் என் வீட்டுப் பின்பக்கத்தில் நுழைய அதிகாரம் வேண்டாம் என்று சொல்ல அதில் இடம் இல்லை. யார் நுழைய வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லலாம். எவ்வளவு நேரம் நின்றேனோ, உள்ளே டியூட்டியில் இருந்த என் பள்ளிக்கூடத்து டீச்சரே, "மிஸ், ஆச்சா? வெளியே கூட்டம் நிக்குது" என்று குரல் கொடுத்தார். என்ஜினியருக்கே போட்டேன்.

வெளியே அக்கா நின்றிருந்தார். "யாருக்கு?" என்று கண்ணால் கேட்டார்.

"அவருக்குத்தான்."

"நானும் அவருக்குத்தான். வேற யாரு இருக்கா?" என்றார்.

அவர் ஜெயித்தார். ஜெயித்த கொஞ்ச நாளில் ஆட்களோடும் ஜல்லி, சிமெண்டோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பயன்படாத கிணறுகளில் கொசு வளர்கிறது, குழந்தைகள் விழுந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது, வார்டு முழுக்க எல்லாவற்றுக்கும் கான்கிரீட் மூடி போட முடிவாகியிருக்கிறது என்றார். நியாயம்தான். கொசு இருக்கத்தான் செய்தது. என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார். வீட்டில் ஏற்கனவே பால் இருந்தது.

கம்பி கட்டினார்கள், கலவை கொட்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. என்ஜினியருக்கு வயதாகிவிட்டிருந்தது, மதில் ஓரத்து நிழலில் ஒதுங்கி நின்றார். கடைசி மூலையைக் கரண்டியால் சமப்படுத்தும்போது என் பக்கம் திரும்பினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

உள்ளே போனேன். கேனில் அடியில் கொஞ்சம் இருந்தது. கேனைச் சாய்த்துப் பிடித்து டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஈரமாயிருந்த சிமெண்ட் மூடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் தெளிந்தது.

"அடுத்ததா இதுக்குப் பக்கத்துலயே ஒரு மழைநீர்த் தொட்டி போடலாம்மா. நாலு தெருத் தண்ணியையும் இங்கயே இறக்கிடலாம். படம் கூடப் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அவரைப் பார்த்தேன். மூடியைப் பார்த்தேன். கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"சரிங்க சார்" என்றேன்.